புதிய டிராக்டரைப் பழக்குதல்: முதல் 50 மணி நேரம்

2019-ஆம் வருஷத்தில் காஞ்சீபுரத்தினின்று பிரிக்கப்பட்டு மீண்டும் தனி ஜில்லாவான செங்கற்பட்டில் நெற்பயிர் பெரும்பாலும் ஏரிப் பாசனத்தையே நம்பியிருக்கிறது. மதுராந்தகம் போன்ற பெரிய ஏரிகளின் கீழும், ஊர்தோறுமுள்ள சிற்றேரிகளின் கீழும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் போகங்களில் நெல் விளைகிறது. கிழக்கே கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கூவத்தூர் வழியாகக் கடப்பாக்கம் வரையிலும் கடலோரம் மணற்பாங்கான பூமி. அங்கே வேர்க்கடலை, தர்பூசணி, சவுக்கு, தென்னை முதலியவை பயிராகின்றன. ஏரியடி நஞ்சையானாலும் கடலோரப் புஞ்சையானாலும், ஏர்மாடுகள் அருகி டிராக்டரே உழவுக்கு முதலாகிவிட்டது.

யந்திரம் இப்பக்கத்தாருக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் எண்ணெய் இஞ்சினைக் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் முறையை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் பரீக்ஷித்துப் பரவச் செய்தார். 1960-ஆம் வருஷத்தில் டாபே கம்பெனி சென்னையில் தொடங்கி, மாஸி பெர்குஸன் டிராக்டர்களைச் செய்யலாயிற்று. 2012-ஆம் வருஷத்தில் செங்கற்பட்டை அடுத்த மஹிந்திரா உலக நகரில் மஹிந்திரா கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலை திறக்கப்பட்டது. அங்கே டிராக்டர்களின் அமைப்பும் ஆராயப்படுகிறது. யந்திரத்தைச் செய்யும் இடங்கள் இவ்வளவு சமீபத்தில் இருந்தும், அதை வீட்டிற்குக் கொண்டுவந்த முதல் மாதத்தில் எப்படி நடத்தவேண்டும் என்பது மட்டும் பலருக்குத் தெரியாமலிருக்கிறது. டிராக்டரின் ஆயுள் அம்முதல் 50 மணி நேரத்தைப் பெரிதும் பொறுத்தது.

இளங்காளையும் புது இஞ்சினும்

நுகம் காணாத இளங்காளையை ஏருக்குப் பழக்கும் முறையைக் குடியானவர்கள் நன்கறிவார்கள். பழகிய எருதோடு இணைத்து முதலில் வெறும் நுகத்தோடு நடத்துவர். பின்பு புழுதியில் லேசான கலப்பையைப் பூட்டுவர். அதன் பிறகே சேற்றிலும் பார வண்டியிலும் பூட்டுவர். முதல் நாளே மேட்டுப் பாதையில் நெல் வண்டி இழுத்த காளை, கழுத்துப் புண்ணாகிப் படுத்துக்கொள்ளும். கொட்டிலிலேயே கட்டித் தீனி போட்ட காளையோ, வேலைக்கு ஒருநாளும் உதவாது. புதிய இஞ்சினின் குணமும் இதுவே. மிதமிஞ்சிய பாரத்தால் அது கெடும். மிதமிஞ்சிய செல்லத்தாலும் கெடும். முன்னதைப் பலர் அறிவர். பின்னதை அறிந்தவர் சிலரே.

இதன் காரணத்தை அறிந்துகொண்டால் செய்முறை தானே விளங்கும். இஞ்சினின் ஸிலிண்டர் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், அதன் உட்சுவரில் தொழிற்சாலையில் வேண்டுமென்றே மெல்லிய கீற்றுகள் குறுக்கும் நெடுக்குமாக இடப்பட்டிருக்கின்றன. ஆயில் தங்குவதற்காக ஏற்பட்டவை அவை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் இச்சுவரின்மேல் உராய்ந்து செல்லும்போது, இருபுறத்திலும் உள்ள நுண்ணிய மேடுகள் தேய்ந்து, ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று பொருந்தி அமர்கின்றன. அவ்வாறு அமர்ந்த பின்னரே, மேலே எரியும் வாயு கீழே இறங்காமலும், கீழேயுள்ள ஆயில் மேலே ஏறாமலும் நிற்கும்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதனுடைய சொந்த விறைப்பு மட்டுமன்று. டீஸல் எரியும்போது உண்டாகும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்புறத்தில் புகுந்து அதை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. பாரம் இருந்தால் இவ்வழுத்தம் மிகும், பாரமில்லாவிடில் குறையும். ஆகையால் புது இஞ்சினை வெறுமனே மணிக்கணக்கில் ஓடவிட்டால் ரிங்கு சுவரில் அழுந்தாமல் ஆயிலின்மேல் மிதந்து செல்லும். சுவரிலுள்ள ஆயில் சிறிது சிறிதாகத் தீய்ந்து, கீற்றுகளை அடைத்துக் கண்ணாடி போன்ற ஒரு படலமாகிவிடும். அதன்பின் எவ்வளவு உழுதாலும் ரிங்கு அமராது. அவ்விஞ்சின் ஆயிலைக் குடித்து நீலப்புகை கக்கும். ஸிலிண்டரைப் பிரித்து மீண்டும் கீற்றிடுவதைத் தவிர அதற்குப் பரிகாரம் கிடையாது.

இதற்கு மாறாக, முதல் நாளே முழுப் பாரத்தை ஏற்றினால் அமராத மேடுகள் ஒன்றையொன்று கடித்துச் சூடேறும். சூட்டினால் ஆயிற்படலம் அறுந்து சுவரில் ஆழ்ந்த கோடுகள் விழும். அதுவும் தீராத பழுதே. இக்காலத்து இஞ்சின்கள் மிக நுட்பமாகக் கடையப்படுவதால் பழக்கும் காலம் முன்னைவிடக் குறைந்திருக்கிறதேயொழிய அறவே நீங்கவில்லை.

யந்திரங்களைப் பரீக்ஷிப்போரும் இவ்வுண்மையை அநுசரித்தே நடக்கின்றனர். அமெரிக்காவில் நெப்ராஸ்கா சர்வகலாசாலையார் 1920-ஆம் வருஷத்தில் டிராக்டர் பரீக்ஷையைத் தொடங்கியபோது, புதிய டிராக்டரை முதலில் 12 மணி நேரம், சிறு பாரத்திலிருந்து படிப்படியாக ஏற்றி ஓட்டிய பிறகே அதன் குதிரைச் சக்தியை அளந்தனர். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலுள்ள பரீக்ஷை நிலையத்திலும், செய்தவர் சொன்னபடி இஞ்சினைப் பழக்கிய பின்னரே மற்றச் சோதனைகள் நடைபெறுகின்றன. நிபுணர்களே இவ்வாறு பொறுத்திருக்கையில், வாங்கிய மறுநாளே சேடைக்கு இறக்குவது எவ்வாறு தகும்?

வாங்கும் காலம்

பலர் டிராக்டரை நடவுக்குச் சற்று முன்னரே வாங்குகின்றனர். நல்ல நாள் பார்த்துப் பூசையிட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டிற்குக் கொண்டுவருவர். ஏரியில் தண்ணீர் வந்துவிட்டதென்று மறுநாளே கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேற்றில் இறக்குவர். சேடை ஓட்டுதலும் ரோட்டவேட்டர் வேலையும் இஞ்சினுக்கு இடைவிடாத பெரும் பாரம். நிறுத்தி ஆறவிடவும் அங்கே வழியில்லை.

ஆகவே டிராக்டர் வாங்க எண்ணுவோர், நடவுக்கு ஒரு மாதமாவது முன்னதாக வாங்குதல் நலம். கோடையுழவுக் காலம் இதற்கு மிகவும் ஏற்றது. சித்திரையில் பொன்னேர் பூட்டும் வழக்கமுள்ள ஊர்களில், அவ்வேரோடு புது டிராக்டரின் பழக்கத்தையும் தொடங்கினால், சம்பா நடவுக்குள் அது முழு வேலைக்கும் தகுதியாகிவிடும்.

மணி வாரியாகச் செய்யவேண்டியவை

டிராக்டரோடு வரும் கைப்புஸ்தகத்தில் கண்டதே முடிந்த விதி. இங்கே கூறுவது அதற்குத் துணையாகவே கொள்ளத்தக்கது.

முதல் 10 மணி: வெறும் டிரெய்லரையோ, கால் பாரம் ஏற்றிய டிரெய்லரையோ இழுத்தல், காய்ந்த நிலத்தில் பரம்படித்துச் சமன்செய்தல் போன்ற இலேசான வேலைகளையே கொடுக்கவேண்டும். இஞ்சினின் வேகத்தை ஒரே நிலையில் வைக்காமல் கூட்டியும் குறைத்தும் ஓட்டவேண்டும். கியரை அடிக்கடி மாற்றினால் பற்சக்கரங்களும் பழகும்.

10 முதல் 25 மணி: பொலபொலப்பான புழுதியில் ஒன்பது கொத்துக் கலப்பையை மேலாக ஓட்டலாம். பாரம் ஏறக்குறைய பாதியளவு இருத்தல் வேண்டும். ஒரு மணிக்கொருமுறை சிறிது நேரம் பாரமின்றி நடத்தி ஆறவிடுவது நன்று.

25 முதல் 50 மணி: கலப்பையை வழக்கமான ஆழத்திற்கு இறக்கலாம். முக்கால் பாரம் வரை ஏற்றலாம். இடையிடையே சில நிமிஷங்கள் முழுப் பாரமும் கொடுத்து உடனே குறைத்துவிட வேண்டும். இச்சில நிமிஷப் பாரமே ரிங்கு நன்றாக அமர்வதற்கு உதவுகிறது. சட்டிக் கலப்பை, ரோட்டவேட்டர், சேடை ஆகியவற்றை 50 மணி கழித்தே தொடங்கவேண்டும்.

இக்காலம் முழுவதும் விலக்கவேண்டியவை நான்கு. முதலாவது, பாரமின்றி இஞ்சினை நெடுநேரம் ஓடவிட்டு வைத்தல். காலையில் இரண்டு மூன்று நிமிஷம் சூடேற விட்டால் போதும். இரண்டாவது, உயர்ந்த கியரில் இஞ்சின் திணறத் திணற இழுக்கச் செய்தல். திணறும்போது வேகம் குறைந்து, பாரம் மட்டும் மிகுவதால் தீங்கு அதிகம். மூன்றாவது, பம்பையோ ஜெனரேட்டரையோ மாட்டி இரவு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடவிடுதல். நான்காவது, கிளச்சு மிதியின்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுதல். இது புதுக் கிளச்சையும் கருக்கிவிடும்.

மணிக்காட்டியைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. பழைய அமைப்பிலுள்ள மணிக்காட்டிகள் இஞ்சினின் சுற்றுக்களைக் கொண்டே மணியைக் கணக்கிடுவதால், மெதுவாக ஓடும்போது ஒரு மணி நேர வேலைக்கு ஒரு மணிக்குக் குறைவாகவே காட்டும். ஆகையால் வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஒரு சிறு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வருவது நலம்.

முதல் ஆயிலை மாற்றுதல்

பழக்கும்போது தேய்ந்த இரும்புத் துகள்களெல்லாம் ஆயிலோடு கலந்துவிடுகின்றன. இவ்வாயில் பார்வைக்குப் புதிதுபோல இருந்தாலும், உள்ளே அரத்தைப் போல் அராவிக்கொண்டிருக்கும். பெரும்பாலான டிராக்டர்களில் முதல் ஆயிலை 50 மணியில் மாற்றும்படி விதித்திருக்கிறார்கள். சிலவற்றில் இது முன்பின்னாக இருக்கலாம். "ஆயில் இன்னும் கெடவில்லை" என்று சிக்கனத்திற்காக 100 மணி, 150 மணி என்று தள்ளிப்போடுவது, சில லிட்டர் ஆயிலுக்காக இஞ்சினையே பணயம் வைப்பதாகும். இஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்தால் துகள்களும் உடன் இறங்கும். ஆயில் வடிகட்டியையும் கூடவே மாற்றவேண்டும். உராய்வைக் குறைக்குமென்று கடைகளில் விற்கும் கலப்பு மருந்துகளை இக்காலத்தில் சேர்க்கவே கூடாது. ரிங்கு அமர்வதற்குச் சிறிது உராய்வு அவசியம்.

இம்முதல் சோதனையின்போதே சக்கர நட்டுகள், இஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள், விசிறி பெல்ட்டு, டீஸல் குழாயின் இணைப்புகள் ஆகியவற்றை இறுக்கிப் பார்க்கவேண்டும். புதிய பாகங்கள் அமரும்போது இவை தளர்வது இயல்பு. கம்பெனியின் உத்தரவாதம் பெரும்பாலும் இச்சோதனையைக் காலத்தில் செய்ததைப் பொறுத்தது. ஆகையால் ரசீதையும் சோதனைக் குறிப்பையும் பத்திரப்படுத்த வேண்டும்.

கடலோர மணலில் விசேஷ ஜாக்கிரதை

மாமல்லபுரம் கடலோரத்து நிலங்களில் மேற்சொன்னவற்றோடு இன்னும் சில ஜாக்கிரதைகள் வேண்டும். மணற்றுகள் இரும்பைவிடக் கடினமானது. காற்றுவழியாக ஒரு சிட்டிகை மணல் ஸிலிண்டருக்குள் புகுந்தாலும், அமர்ந்துவரும் ரிங்கையும் சுவரையும் அது கீறிவிடும். ஆயிலில் நனையும் வகைக் காற்று வடிகட்டியாயின், அதன் கிண்ணத்தில் குறியளவுக்கு ஆயில் இருக்கிறதா, அடியில் சேறுபோல் மண் படிந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்கவேண்டும். காகிதத்தாலான வடிகட்டியாயின் அதைத் தரையில் தட்டுவதும் தண்ணீரில் கழுவுவதும் கூடாது. வடிகட்டியிலிருந்து இஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால், வடிகட்டி இருந்தும் பயனில்லை.

ஆயில் அளவுகோலை உருவுமுன் அதைச் சுற்றிலும் துணியால் துடைக்கவேண்டும். மணற்காற்று வீசும் இடத்தில் டீஸல் மூடியையோ ஆயில் மூடியையோ திறந்துவைக்கலாகாது. டீஸலை மாலையிலேயே நிறைத்துவிட்டால், இரவில் தொட்டியின் வெற்றிடத்தில் பனிநீர் கோத்து டீஸலோடு கலப்பது தவிரும்.

கடலோரக் கிணறுகளில் பல உவர்நீர்க் கிணறுகள். அந்நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து துரு ஏறி, இஞ்சின் சூடேறத் தொடங்கும். பழகும் காலத்தில் இஞ்சின் சூட்டைப் பொறுக்காது. ஆகையால் கைப்புஸ்தகத்தில் சொல்லிய குளிர்விக்கும் திரவத்தையே ஊற்றவேண்டும்.

ஆழ்ந்த மணலில் சக்கரம் சுழன்று புதையும்போது விசையை மேன்மேலும் மிதிப்பது பலருடைய வழக்கம். வண்டி நகராமலே இஞ்சின் மட்டும் வெறிகொண்டு ஓடுவது புதுப் பாகங்களுக்கு மிகவும் கெடுதல். உடனே நிறுத்தி, மணலைத் தள்ளி, மட்டையோ பலகையோ இட்டுத் தாழ்ந்த கியரில் மெல்ல ஏற்றவேண்டும்.

நான்கு சக்கரச் சிறு வண்டிகள்

மேடு பள்ளம், மணல், சேறு எதிலும் ஏறிச் செல்லக்கூடிய, மோட்டார் சைக்கிளைப்போல் கைப்பிடியுள்ள நான்கு சக்கரச் சிறு வண்டிகளைச் சென்னை மெரீனாக் கடற்கரையில் போலீஸார் ரோந்துக்கு உபயோகிப்பதைப் பலர் கண்டிருக்கலாம். பெரிய சவுக்குத் தோப்பும் தென்னந்தோப்பும் உள்ளவர்கள் சாமான் எடுத்துச் செல்லவும் மேற்பார்வைக்கும் இவ்வகை வண்டிகளை வாங்க எண்ணுவதுண்டு. இவற்றில் பெரும்பாலானவை பெட்ரோல் இஞ்சின் உடையவை; ஆனால் பழக்கும் தத்துவம் ஒன்றே. சில கம்பெனிகளின் புஸ்தகங்கள், முதல் 10 மணிக்குப் பாதி விசைக்கு மேலும், அடுத்த 10 மணிக்கு முக்கால் விசைக்கு மேலும் தொடர்ந்து ஓட்டலாகாது என்கின்றன. பெல்ட்டினால் இயங்கும் வண்டிகளில் அப்புது பெல்ட்டும் இக்காலத்தில்தான் அமர்கிறது. ஆகையால் முதலிலேயே பாரம் இழுக்கவிடக் கூடாது.

இவற்றைப் பழக்கக் கடற்கரை மணல் தகுந்த இடமன்று. தோப்பின் கெட்டியான செம்மண் பாதையே தகுந்தது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் இக்கரையில் பங்குனி ஆமைகள் மணலிலேறி முட்டையிடுவதால், அவற்றின் பொருட்டும் கரையில் வண்டியோட்டாதிருத்தல் கடமை. பொதுச் சாலையில் ஓட்ட அவ்வண்டிக்குப் பதிவு உண்டா என்பதையும் வாங்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பழகியதை அறியும் அடையாளங்கள்

ஒவ்வொரு நாளும் காலையில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயிலின் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் ஆயில் சிறிது குறைவது சகஜம். நாளடைவில் குறைவது நின்றுவிட்டால் ரிங்கு அமர்ந்துவிட்டதென்று கொள்ளலாம். 50 மணி கடந்தும் ஆயில் குறைந்துகொண்டே போனாலும், இஞ்சின் சூடேறிய பின்னும் நீலப்புகை வந்தாலும், ஆயில் அறையின் காற்றுக் குழாயில் புகை பலமாக வீசினாலும், கம்பெனியின் மெக்கானிக்குக்கு உடனே எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். கரும்புகை வருவது பாரம் மிகுதியையோ காற்று போதாமையையோ காட்டும். அப்பொழுது பாரத்தைக் குறைத்து வடிகட்டியைப் பார்க்கவேண்டும்.

பொது டிராக்டர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும்

சொந்த டிராக்டரைவிடப் பொது டிராக்டருக்கே அபாயம் அதிகம். கூட்டுறவுச் சங்கத்தாலோ உழவர் குழுவாலோ வாங்கி வாடகைக்கு விடப்படும் டிராக்டர், முதல் வாரத்திலேயே பலர் கைக்கு மாறுகிறது. ஒருவர் செல்லமாக ஓட்டுவார். மற்றொருவர் வாடகை நேரம் முடியுமுன் வேலையை முடிக்க விரட்டுவார். முதல் ஆயிலை மாற்றும் பொறுப்பு யாருடையதென்று தெரியாமல் நாட்கள் கழியும். பழுது வெளிப்படும்போது அதைச் செய்தவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாது. நஷ்டமோ ஊருக்கெல்லாம் பொது.

ஆகையால் சங்க நிர்வாகிகளும் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களும் மூன்று காரியங்களைக் கவனித்து நடத்தினால் பேருதவியாகும். முதல் 50 மணிக்கு ஒரே ஓட்டுநரை நியமிக்கவேண்டும். அது முடியும்வரை சேடைக்கும் ரோட்டவேட்டருக்கும் வாடகைக்கு விடுவதில்லை என்று தீர்மானித்து, எவர் கேட்டாலும் அத்தீர்மானத்தை மாற்றாதிருக்க வேண்டும். நாள், மணி, வேலை, ஆயில் அளவு ஆகிய நான்கையும் எழுதும் புஸ்தகம் ஒன்றை டிராக்டரோடு வைத்து, வாரந்தோறும் பார்வையிட்டுக் கையெழுத்திட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புஸ்தகத்தின் விலையே.

இன்று ஒரு டிராக்டரின் விலை பல லக்ஷ ரூபாய். நிலத்தை ஈடுகாட்டி வங்கிக் கடனில் வாங்குவோரே அதிகம். பழக்கத் தவறிய இஞ்சின், தவணை தீருமுன்னரே பிரிக்கப்பட்டு, நடவு நேரத்தில் பட்டறையில் கிடக்கும். அப்பொழுது பட்டறைக் கூலியும், வாடகை டிராக்டருக்குக் கூலியும், வங்கித் தவணையும் ஒரே மாதத்தில் வந்து சேரும். ஏரித் தண்ணீரோ யாருக்காகவும் காத்திராது. 50 மணி நேரமென்பது நாளொன்றுக்கு ஐந்து மணி வீதம் பத்து நாள் வேலையே. அப்பத்து நாட்களில் காளையைப் பழக்கும் பொறுமையோடு இஞ்சினையும் பழக்குகிற குடியானவர், அதன் உழைப்பைப் பல வருஷங்கள் குறைவின்றிப் பெறுவார் என்பது திண்ணம்.